வெள்ளிக்கிழமைக்காரர் மகளின் விண்ணப்பம்

அந்த வீட்டுக் கடிகாரம் இருபது நிமிடம் முன்னால் ஓடியது. அதில் பழுது ஒன்றும் இல்லை. கல்யாணமாகி வந்த மாதத்திலேயே கணவரின் லட்சணத்தைப் புரிந்துகொண்ட அம்மா, நாற்காலி போட்டு ஏறி முள்ளைத் தள்ளி வைத்திருந்தாள். ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு அப்பாவுக்கு விஷயம் தெரிந்துபோய், மணி பார்க்கும்போதே மனதுக்குள் இருபதைக் கழித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். அம்மாவும் கழித்தாள். மகள் மணி பார்க்கக் கற்றுக்கொண்டபோதே கழித்தலையும் சேர்த்துக் கற்றுக்கொண்டாள். ஆக மூன்று பேரும் பொய் மணியைப் பார்த்து, கழித்து, நிஜ மணியைக் கண்டுபிடித்து, அதற்கும் தாமதமாகவே கிளம்பினார்கள். கடிகாரத்தைச் சரியாக வைத்துவிடலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அப்பாவுக்கு சோபா வேலை. பழைய சோபாவை உரித்து, ஸ்பிரிங் மாற்றி, ஸ்பாஞ்ச் வைத்து, புதுத் துணி போர்த்திக் கொடுப்பார். சுத்தமான கை. அவர் போட்ட தையல் எங்கே ஆரம்பித்தது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். வேலையைக் குறை சொன்னவர் ஒருவர்கூடக் கிடையாது. வேலை எப்போது முடியும் என்பதில்தான் தகராறு. திங்கட்கிழமை கேட்டாலும் வியாழக்கிழமை கேட்டாலும் "வெள்ளிக்கிழமை கண்டிப்பா" என்பார். எந்த வெள்ளிக்கிழமை என்பது அவருக்கும் தெரியாது. கடைத்தெருவில் அவருக்குப் பெயரே வெள்ளிக்கிழமைக்காரர் என்று ஆகிவிட்டது.

அவர் மனதார ஏமாற்றுகிறவர் இல்லை. எதிரில் நிற்பவரின் முகம் வாடுவதை அவரால் பார்க்க முடியாது, அவ்வளவுதான். அந்த நிமிடத்துக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிட வேண்டும். சின்ன ஆணிகளை வாயில் அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பது அவர் வழக்கம். வாடிக்கையாளர் வந்தால் ஆணிகளைத் துப்பாமலேயே, பல்லிடுக்கில் "வெள்ளிக்கிழமை" என்பார். நிஜமாக எதையாவது சொல்வதென்றால் மட்டும் ஆணிகளை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு பேசுவார். இதை ஊரில் யாரும் கவனித்ததில்லை. மகள் கவனித்திருந்தாள்.

ஒருமுறை பேருந்தில், கூடப் படிக்கும் பெண்ணின் தகப்பனார் அவளைப் பார்த்து, "நம்ம வெள்ளிக்கிழமை பொண்ணாம்மா நீ? எங்க வீட்டு சோபா உயிரோட இருக்கா?" என்று உரக்கக் கேட்டார். முன்சீட்டிலிருந்து பின்சீட்டு வரை எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி வீடு வரைக்கும் நடந்தாள். அப்பாவை நினைத்து வெட்கமாக இருந்தது. அப்படி வெட்கப்பட்டதை நினைத்து வீட்டுக்கு வந்தபின் இன்னும் வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் நேரத்துக்குப் பிறந்தவள் மாதிரி ஆகிவிட்டாள். பள்ளியில் முதலில் நுழைபவள் அவள்தான். கொடுத்த வேலையை முதலில் முடிப்பவளும் அவள்தான். தோழிகள் அவளை டைம்டேபிள் என்று கூப்பிட்டார்கள். அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு படிப்பின் மேல்தான் ஆசை. செயற்கைக் கை, கால் செய்யும் படிப்பு. அந்த ஆசை வந்ததும் அப்பாவின் பட்டறையில்தான். ஒருநாள் ஒரு மனிதர் வந்து உட்கார்ந்து, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, மரக்கட்டை மாதிரி தன் காலைக் கழற்றி மேசைமேல் வைத்தார். உள்ளே போட்டிருந்த பஞ்சு கிழிந்து முட்டிக்குக் கீழெல்லாம் புண்ணாகிவிட்டது என்றார். அப்பா வாயிலிருந்த ஆணிகளை எடுத்தார். சோபாக்கள் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, மெத்தென்ற தோலை வெட்டி, தையல் உடம்பில் படாதபடி வெளிப்பக்கமாகத் திருப்பி, அங்கேயே தைத்துக் கொடுத்தார். அந்த மனிதர் எழுந்து பட்டறைக்குள் நாலு முறை நடந்து பார்த்தார். நடக்க நடக்க அவர் முகம் மாறியதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்பா வாழ்நாளில் வந்த அன்றைக்கே முடித்த வேலை அது ஒன்றுதான்.

அந்தப் படிப்பு அவர்கள் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரே கல்லூரியில் இருந்தது. இடங்கள் மிகக் குறைவு. வருடத்துக்கு ஒருமுறைதான் விண்ணப்பம். பரீட்சை முடிந்த கையோடு அவள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஓர் அட்டையை ஒட்டி, எது எது எப்போது வேண்டும் என்று எழுதினாள். மதிப்பெண் சான்று, டீச்சரின் கடிதம், புகைப்படம் எல்லாம் சொன்ன நாளுக்கு முன்பே வந்து சேர்ந்தன. மிச்சம் இருந்தது வருமானச் சான்றிதழ். அதைக் குடும்பத் தலைவர் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க முடியும். குடும்பத் தலைவர் என்று சட்டம் போட்டவர்கள் யாரை நினைத்துப் போட்டார்களோ, நம் வெள்ளிக்கிழமைக்காரரை நினைத்திருக்க மாட்டார்கள்.

"கடைசித் தேதி என்னிக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"இருபது."

"உங்கப்பாகிட்ட இருபதுன்னு சொல்லித் தொலைக்காதே. பத்துன்னு சொல்லு. அப்பதான் பதினஞ்சுக்காவது கொண்டு வருவாரு."

"பொய்தானேம்மா அது?"

"பொய் என்னடி பொய்? கடிகாரத்தைத் தள்ளி வைக்கலையா, அது மாதிரி."

மகளுக்கு மனது உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் பேருந்துச் சிரிப்பு ஞாபகம் வந்தது. பத்து என்றே சொன்னாள்.

"அவ்வளவுதானே? வெள்ளிக்கிழமை வாங்கிடறேன்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு, அவள் பார்வையைப் பார்த்து, "இந்த வெள்ளிக்கிழமையேதாம்மா" என்று சேர்த்துக்கொண்டார்.

சான்றிதழுக்கான விண்ணப்பத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வந்தார். சான்றிதழ் தயாரானதும் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் ஒரு சினிமா தியேட்டர்காரர் நாற்காலிகள் அத்தனைக்கும் உறை மாற்றித் தரச் சொல்லிவிட்டார். அப்பாவுக்குத் தியேட்டரே கதி என்று ஆகிவிட்டது. பட்டறையில் பாதியில் நின்ற வேலைகள் எல்லாம் அப்படியே நின்றன. அதில் முக்கியமானது மூன்று பேர் உட்காரும் ஒரு மெரூன் சோபா. உரித்துப் போட்டதோடு சரி, எலும்பும் ஸ்பிரிங்குமாக மூலையில் கிடந்தது. அதன் சொந்தக்கார அம்மாள் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வார். பெயர்கூடத் தெரியாது. அப்பாவின் போனில் அவர் பெயர் 'மெரூன் மூணு சீட்'.

"கைப்பிடி மட்டும்தான் பாக்கி மேடம். வெள்ளிக்கிழமை கண்டிப்பா."

பத்தாம் தேதி வந்தது. மறந்தே போயிருந்த அப்பாவுக்கு மாலையில்தான் தூக்கிவாரிப் போட்டது. அலுவலகம் அதற்குள் பூட்டியாகிவிட்டது. தெருவை இரண்டு முறை சுற்றிவிட்டு வந்தார். மகளின் முகத்தைப் பார்க்காமல், "போனேம்மா, ஆபீசர் இல்ல" என்றார். பெண் அழுவாள், அம்மா வீட்டையே இரண்டாக்குவாள் என்று எதிர்பார்த்துக் குனிந்து நின்றார்.

"சரிப்பா, நாளைக்குப் பாருங்க" என்றாள் மகள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

அப்பா சமையலறைக்குப் போய், "அவ ஏன் திட்ட மாட்டேங்கறா?" என்று அம்மாவிடம் கிசுகிசுத்தார். அவர் நின்ற கோலத்தைப் பார்த்து அம்மாவுக்குப் பரிதாபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "பத்து இல்லீங்க, இருபது. உங்களுக்குன்னு தள்ளி வெச்சோம்" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

முதலில் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்ததாக வலித்தது. வாடிக்கையாளர்கள் கேலி செய்யட்டும். பெற்ற பெண்ணும் தன்னைக் கடிகாரம் வைத்து ஓட்டுகிறாளா என்று நினைத்தார். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? போட முகம் இருந்தால்தானே போடுவதற்கு. சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். வலித்த மனது அப்படியே விட்டுவிடவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் இன்னொரு கணக்கும் போட்டது. பத்து என்று சொன்னது இருபது. அப்படியானால் இருபது என்று சொல்வது? இந்த வீட்டில் யார்தான் நிஜ எண்ணைச் சொல்லியிருக்கிறார்கள்?

இருபது நெருங்கியபோது மகள் எதிரில் வந்து நின்றாள். "அப்பா, இருபதுதான் நிஜமான கடைசி நாள். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க."

"தெரியும்மா, தெரியும்" என்றார் அப்பா. கண்ணைக்கூடச் சிமிட்டினார். அந்தச் சிமிட்டலுக்கு அர்த்தம் அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

இருபதாம் தேதி அவள் கம்ப்யூட்டர் சென்டரில் போய் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் ஏற்றியாகிவிட்டது. சான்றிதழுக்கான கட்டம் மட்டும் காலி. அது நிரம்பினால்தான் அனுப்பும் பொத்தான் வேலை செய்யும். மதியத்துக்கு மேல் அப்பாவுக்கு போன் போட்டாள். தியேட்டரில் ஒரு நாற்காலியின் அடியில் முழங்காலிட்டுத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார் அவர்.

"வாங்கிட்டீங்களாப்பா?"

"வாங்கியாச்சு வாங்கியாச்சு. வந்துட்டே இருக்கேன்."

குரல் தெளிவாக இருந்தது. வாயில் ஆணி இல்லை. அவள் அதைத்தான் கவனித்தாள், நம்பினாள். தியேட்டர் நாற்காலிக்குத் திருகாணிதான், வாயில் அடக்கும் ஆணிக்கு அங்கே வேலையே இல்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

மறுபடி போன் செய்தாள். "இதோ, திருப்பத்துல இருக்கேன்." இன்னொரு முறை. எடுக்கவில்லை. சென்டர் அக்கா தன் கைக்கடிகாரத்தையும் திரையில் ஓடிய மணியையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாராவது போய்ப் பார்க்கட்டுமா?" என்றாள். "வேணாங்க்கா, அப்பா வந்துட்டே இருக்காரு" என்றாள் மகள். ஐந்து அடித்தது. பக்கம் சாம்பல் நிறமாகி, கால அவகாசம் முடிந்தது என்று ஒரு வரி வந்தது. அக்கா காசு வாங்கிக்கொள்ளவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

அவள் தியேட்டருக்கு நடந்தாள். அப்பா வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா அழற? நாளைக்கு முதல் வேலையா வாங்கிடலாம். இன்னும்தான் நாள் இருக்கே."

"நாள் இல்லப்பா. முடிஞ்சிருச்சு."

"இருபதுன்னா... முப்பதுதானே?"

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. கடிகாரமும் கண் சிமிட்டலும் சேர்ந்தே புரிந்தன.

"நான்தானே ஆரம்பிச்சு வெச்சேன்" என்றாள். பிறகு, "அந்தக் கால் இல்லாத மாமாவுக்கு மட்டும் எப்படிப்பா அன்னிக்கே தச்சுக் குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"அவர் போக மாட்டாரேம்மா. முடிக்கிற வரைக்கும் ஒத்தைக் காலோட எதிர்லயே உக்காந்திருந்தாரே."

"நானும் அப்படி வந்து உக்காந்திருக்கணுமா?"

அப்பா கழுவின கையையே திரும்பத் திரும்பக் கழுவினார். பூமி பிளந்து விழுங்கிவிட்டால் தேவலை என்பார்களே, அப்படி நின்றார்.

மறுநாள் காலை அலுவலகம் திறக்கும்போது வாசலில் முதல் ஆளாக நின்றார். சான்றிதழ் ஒரு வாரமாகத் தயாராக இருந்தது. கொடுத்தவர், "எடுத்துட்டுப் போக ஆளே வரலையேன்னு பார்த்தேன்" என்றார். அதை வாங்கிக்கொண்டு அப்பனும் மகளும் நேராகக் கல்லூரிக்குப் போனார்கள். சேர்க்கை அலுவலகத்தின் வெளியே ஒரு நீள பெஞ்சு. அதன் ரெக்சின் கிழிந்து ஸ்பாஞ்ச் எட்டிப் பார்த்தது. பழக்கதோஷம், அப்பாவின் விரல் கிழிசலை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தது. சேர்க்கையைப் பார்க்கும் மேடம் உள்ளே இருப்பதாகவும் கூப்பிடுவார் என்றும் சொன்னார்கள்.

உட்கார்ந்திருக்கும்போது அப்பாவின் போன் அடித்தது. மெரூன் மூணு சீட்.

எடுக்காமல் விட்டிருக்கலாம். பதற்றத்தில் எடுத்தார். எடுத்ததும் நாக்கு தன் வழக்கமான வேலையைப் பார்த்தது.

"மேடம், நூறு ஆயுசு உங்களுக்கு. இப்பதான் உங்க சோபாகிட்டயே நிக்கறேன். கைப்பிடிதான் அடிச்சிட்டிருக்கேன்."

"அந்தச் சுத்தியல் சத்தம் எனக்குக் கேட்கலையே?" என்றது போன். அதையே, அதே குரலில், மூடியிருந்த கதவும் சொன்னது.

மகள் போனைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. "அப்பா, வெச்சிருங்க" என்று அவள் கையைப் பிடிப்பதற்குள், "வெள்ளிக்கிழமை கண்டிப்பா மேடம்" என்று அவர் வாய் முடித்துவிட்டது. கதவு திறந்தது. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், காதில் போனோடு, "அடுத்து யாரு?" என்று எட்டிப் பார்த்தார். பெஞ்சில் அவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் காதில் போன்.

அந்த அம்மாள் போனை அணைத்தார். அப்பாவின் போனும் அணைந்தது.

"உள்ள வாங்க" என்றார்.

உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை. சோபாவைப் பற்றி மேடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகள் கொடுத்த காகிதங்களைப் புரட்டினார். எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். "மார்க் நல்லா இருக்கு. டீச்சர் நல்லா எழுதியிருக்காங்க. ஏம்மா லேட்?"

அப்பா வாயைத் திறந்தார். மகள் முந்திக்கொண்டாள். "நான்தான் வீட்ல தேதியை மாத்திச் சொன்னேன் மேடம். அதுல குழப்பமாயிடுச்சு." பாதி உண்மை அது. மீதிப் பாதியை அப்பாவின் மானத்துக்காக விழுங்கினாள்.

"மூடினதைத் திறக்க என்னால முடியாதும்மா. ஒருத்தருக்குத் திறந்தா, நேரத்துக்கு அனுப்பினவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? அடுத்த வருஷம் போடு."

அந்த நேரம் பார்த்து அப்பா மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "மேடம், சோபாவை நாளைக்கே கொண்டு வந்து போட்டுடறேன். பாக்கி ஒண்ணுமே இல்ல. கூலிகூட வேணாம் மேடம். எப்படியாவது..."

மேடம் முகம் சிவந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகளுக்குக் காதுமடல் எரிந்தது. பேருந்தில் சிரித்தவர்களெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. தனக்காக அவர் இவ்வளவு தூரம் குனிந்துவிட்டாரே என்று இருந்தது. குனிந்தும் பொய்தானே சொல்கிறார் என்றும் இருந்தது.

"வேணாம்ப்பா" என்றாள். மேடத்திடம் திரும்பினாள். "உங்க சோபாவுக்கு இன்னும் துணியே வெட்டலை மேடம். ஸ்பிரிங் மாத்தணும். உக்காந்து செஞ்சாலே ரெண்டு வாரம் ஆகும்."

அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். மேடம் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "இதை முதல்லயே யாராவது சொல்லியிருந்தா, நான் போனே பண்ணியிருக்க மாட்டேனே" என்றார். காகிதங்களை அடுக்கி, ஓரம் தட்டி, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து அப்பா பட்டறையை விட்டு நகரவில்லை. தியேட்டர்காரர் கத்தினார், கத்தட்டும் என்று விட்டார். ஸ்பிரிங்கை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டினார். மெரூன் துணியை அளந்து வெட்டினார். மகளும் போய்த் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்ன அந்த இரண்டு வாரம் முடியும் அன்று சோபா தயாராக நின்றது. அன்று செவ்வாய்க்கிழமை.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு போன் போட்டார். குரலில் சின்னப் பிள்ளையின் சந்தோஷம். "மேடம், சோபா ரெடி! வண்டி அனுப்புங்க."

"அப்படியா? சரி, வெள்ளிக்கிழமை பார்க்கலாம்" என்றது மறுமுனை.

"இல்ல மேடம், நிஜமாவே ரெடி. சத்தியமா. என் கண்ணு முன்னாடி இருக்கு மேடம்."

"போன தடவையும் சோபாகிட்டதான் நின்னுட்டு இருந்தீங்க."

அவரிடம் வேறு வார்த்தை இல்லை. இருந்ததையெல்லாம் ஏற்கெனவே செலவழித்துவிட்டார். போனைக் காதிலிருந்து எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல், மகளிடம் நீட்டினார்.

"மேடம், நான் பேசறேன். முடிஞ்சிடுச்சு மேடம்."

"நீ சொன்னா சரிம்மா. இப்பவே வண்டி அனுப்பறேன்."

போன் குரல் பட்டறைக்கே கேட்டது. அப்பா அதைக் கேட்காதவர் மாதிரி குனிந்து, சோபாவின் காலில் இல்லாத தூசியைத் தட்டினார். மகளுக்கு அந்த நம்பிக்கை நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பத்து என்று சொன்னதும் இதே வாய்தானே.

வண்டி வந்து சோபாவை ஏற்றிக்கொண்டு போனது. மூலை காலியாகிவிட்டது. அப்பா அடுத்த நாற்காலியை இழுத்துப் போட்டு, ஆணிகளை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு ஆணி அடித்தார். பிறகு நிறுத்தி, மிச்சம் இருந்தவற்றை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்து வைத்தார்.

"அடுத்த வருஷம் கடைசித் தேதி என்னிக்கும்மா? போட்டுட்டாங்களா?"

இந்த வருடத்து அறிவிப்பின் அடியிலேயே போட்டிருந்தார்கள். அவள் பார்த்தும் வைத்திருந்தாள். சொல்ல வாயைத் திறந்தவளுக்கு, எந்தத் தேதியைச் சொல்வது என்று ஒரு நொடி தெரியவில்லை.

அந்த ஒரு நொடியை அப்பா பார்த்துவிட்டார்.

"எதுவானாலும் சொல்லும்மா" என்றார். "இந்தத் தடவை நான் கூட்டவோ கழிக்கவோ மாட்டேன்."